மூலம், நான்காம் பாதம்

விசைப்பலகையில் மூலக்குறி கிடையாது.
டாலருக்கு இடமுண்டு,
யாரும் தொடாத அந்த அலைக்கோட்டுக்குக்கூட
இடது ஓரத்தில் ஒரு வீடு உண்டு.
இதற்கு மட்டும்
எஸ், கியூ, ஆர், டி என்று தட்டிவிட்டுக்
காத்திருக்க வேண்டும்,
திரை அதைக் கூரையாக்கித் தரும்வரை.

ரெஜைனா. ஜனவரி. இரவு பத்தே முக்கால்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
வெள்ளிக்கிழமை எனக்கு
எலெக்ட்ரீஷியன் பயிற்சிக்கு நுழைவுத்தேர்வு.
நாற்பத்திரண்டு வயதில்.

ஒன்பதும் பதினாறும் கூட்டி வர்க்கமூலம்.
ஐந்து வரவேண்டும், விரலுக்கே தெரியும்.
பத்தொன்பது என்றது.
திரும்பத் தட்டினேன்.
பத்தொன்பது.
அப்புறம்தான் பார்த்தேன்:
கூரை ஒன்பதின் தலையோடு நின்றுவிட்டது,
பதினாறு கோட் போடாமல்
பனியில் நிற்கிறது.
அடைப்புக்குறி போட்டு உள்ளே கூப்பிட்டேன்.
ஐந்து.

மாற்றித் தட்டினால் என்ன ஆகும் என்பது
எனக்குப் பழைய பாடம்.
தர்மபுரி பஸ் ஸ்டாண்டு எதிரே கம்ப்யூட்டர் ஜாதகக் கடை.
விடியற்காலை நாலு பத்துக்குப் பிறந்தவளை
ஏழு பத்து என்று தட்டச் சொன்னார் சித்தப்பா.
ஒரே ஒரு இலக்கம்.
பிரிண்டர் கரகரவென்று துப்பிய தாளில்
மூலம் பூராடமாகியிருந்தது.

பெண் மூலம் நிர்மூலம்.
மாமனாருக்கு ஆகாதாம்.
நாலாம் பாதத்துக்குத் தோஷமில்லை என்று
விவரம் தெரிந்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள்;
சொல்லி முடிப்பதற்குள்
மூன்று வரன்கள்
காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டன.

கடைசிப் பக்கம் கனமூலம்.
விளையாட்டாக வெளிக்குளிரையே உள்ளே போட்டேன்:
மைனஸ் இருபத்தேழு.
மைனஸ் மூன்றை மூன்று தரம் பெருக்கு, தீர்ந்தது.
திரை சொன்னது:
ஒன்று புள்ளி ஐந்து, கூட்டல்
இரண்டு புள்ளி ஐந்து ஒன்பது எட்டு ஐ.
ஐ என்றால் கற்பனை.
அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி:
முதன்மை மூலத்தை எடுத்துக்கொண்டுள்ளோம்,
மெய் மூலம் வேண்டுமானால் இங்கே தொடவும்.

தொடவில்லை.
வட்டத்தின் மேல் மூன்று புள்ளிகள் வைத்து
மூன்றும் இதன் மூலங்களே என்று காட்டியது.
ஆறுதலாக இருந்தது, ஒரு நிமிடம்.
ஆனால் பூராடம் அந்த வட்டத்தில் இல்லை.
அது வெறும் பொய்.

"இன்னும் தூங்கலையா?"
மாமா. எண்பத்து மூன்று.
தெர்மல் பேண்ட்டின் மேல் வேட்டி.
சாயங்காலம்தான்
பக்கத்து வீட்டுக்காரன் வாசலையும் சேர்த்துப்
பனி தள்ளிவிட்டு வந்தவர்.
"ராத்திரியில என்னம்மா தேடற?"
"மூலம், மாமா."
"ஐயய்யோ. அதுக்கு டாக்டரைப் பாரு,
கம்ப்யூட்டர்ல தேடினா பயமுறுத்துவான்."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது.
அந்த ஈரத்தோடே சொல்லிவிட்டேன்,
நாலு பத்து, ஏழு பத்து, சித்தப்பா, எல்லாம்.

வெந்நீர் ஊற்றிக்கொண்டார்.
ஊதினார்.
"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"
"பத்தொன்பது."
"ம்."
இன்னும் ஒருமுறை ஊதினார்.
"காரை பிளக்ல போட்டியா?
காலைல ஸ்டார்ட் ஆகாது."

போடவில்லை.
அவரே கோட்டை எடுத்தார்.
நான் அந்தச் சிறிய வரியைத் தொட்டுவிட்டு,
மைனஸ் மூன்று வந்ததை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு,
பின்னாலேயே ஓடினேன்:
"குல்லா மாமா, குல்லா!"

கதவோரத் தெர்மாமீட்டரில்
மைனஸ் இருபத்தெட்டு.
இனி முழு எண் வராது.